எந்த மாதம் யாக்கிமாவுக்குப் போகலாம்?

ஜூலை நாலாம் தேதி விடுமுறை நெருங்கினால் போதும், சியாட்டில் பக்கம் இருக்கிற நம்மவர்கள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "யாக்கிமா ஆத்துக்கு ட்ரவுட் பிடிக்கப் போறோம், நீங்க அடிக்கடி போவீங்களாமே, எந்த இடத்துல இறங்கி நின்னா நல்லா இருக்கும்?" எந்த இடத்திலும் இறங்கி நிற்காதீர்கள் என்பதுதான் பதில். ஜூலையில் அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினால் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். மழை பெய்து வாரக்கணக்காகியிருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும், அக்கம்பக்கத்து ஓடைகள் எல்லாம் கல் தெரியக் கிடக்கும், இந்த ஆறு மட்டும் இரண்டு கரையிலும் புல்லைத் தொட்டுக்கொண்டு ஓடும். அப்புறம் செப்டம்பர் பிறந்ததும் பத்துப் பன்னிரண்டு நாளில், வானத்தில் எதுவும் மாறாமலே, தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஜூலையில் எட்டிப் பார்க்கவே பயந்த இடத்தில் முழங்கால் நனைய நடந்து போகலாம்.

ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்றுதான் இது.

யாக்கிமா ஆறு கேஸ்கேட் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், ஸ்னோக்வால்மி கணவாயைத் தாண்டியதும் வலது பக்கம் தெரிகிற கீச்சலஸ் ஏரியில் தொடங்கி, ஏறக்குறைய 340 கிலோமீட்டர் ஓடி, ரிச்லண்ட் ஊருக்குப் பக்கத்தில் கொலம்பியா ஆற்றில் கலக்கிறது. கணவாயில் குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டும். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் கிழக்கே வந்தால் எலன்ஸ்பர்க். அங்கே வருடத்துக்கு 9 அங்குல மழை பெய்தால் பெரிது. முழுக்க மழை மறைவுப் பிரதேசம். ஆனாலும் எலன்ஸ்பர்க்கைச் சுற்றி டிமோத்தி புல் வயல்கள் பச்சைப் பசேலென்று இருக்கும் (அந்த வைக்கோல் ஜப்பானுக்குக் கப்பலேறுகிறது), தெற்கே இறங்கினால் ஆப்பிள், செர்ரி, திராட்சை, அமெரிக்க பீருக்கு வேண்டிய ஹாப்ஸில் பெரும்பகுதி. எல்லாம் வாய்க்கால் தண்ணீர். மலையில் ஐந்து பெரிய அணைகள்: கீச்சலஸ், கச்சீஸ், கிளீ எலம் ஆகிய மூன்றும் யாக்கிமாவின் தலைப்பகுதியில், பம்பிங், ரிம்ராக் இரண்டும் நாச்சீஸ் என்ற கிளையாற்றுப் பக்கம். முதல் அணை 1910இலும் கடைசி அணை 1933இலும் கட்டி முடித்தது. எதை எப்போது எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வது மத்திய அரசின் பாசனத் துறை.

மேட்டூரை ஜூன் 12 திறப்பார்களா மாட்டார்களா என்று பேப்பர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆற்றை விளக்குவது சுலபம். நீர்வரத்து இவ்வளவு, நீர்திறப்பு இவ்வளவு, வினாடிக்கு இத்தனை கன அடி என்று நமக்குப் பழகிய அதே கணக்குத்தான் இங்கேயும், அதே கன அடியில்தான். அம்டானம் என்ற இடத்தில் ஆற்றின் அளவைப் பார்க்க ஒரு அளவுமானி இருக்கிறது, எண் இணையத்தில் உடனுக்குடன் வரும். வாஷிங்டன் மாநிலத்தில் பாதிப்பேர் மீன்பிடிக்கப் போகுமுன் மழை வருமா என்று பார்க்கிறார்கள். யாக்கிமாவுக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணை. என்ன, ஊரில் அணை திறந்தால் எல்லாருக்கும் சந்தோஷம், இங்கே தூண்டிலோடு கரையில் நிற்கிறவனுக்கு மூடினால் சந்தோஷம்.

நான் சொல்வது எலன்ஸ்பர்க்குக்கும், கீழே தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்புகிற ரோசா அணைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தாக்கைப் பற்றி. பசால்ட் பாறை மலைகளுக்கு நடுவே ஆறு வளைந்து வளைந்து போக, 821ஆம் எண் சாலை அதை ஒட்டியே கூட வரும். 1990இலிருந்து இந்தப் பகுதியில் பிடித்த ட்ரவுட்டைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். கொக்கியில் எதிர்முள் இருக்கக்கூடாது, புழு, இறால் மாதிரி இரை கூடாது. இதைச் சொன்னதும் என் அம்மா போனில் கேட்டது: "புடிச்ச மீனையும் விட்டுட்டு வர்றதுக்கா ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டுப் போற? மார்க்கெட்டுக்குப் போயிருந்தா வஞ்சிரமாவது கெடைச்சிருக்கும்ல." பதில் சொல்லவில்லை. நியாயமான கேள்விதான்.

சரி, மாதத்துக்கு வருவோம்.

டிசம்பர், ஜனவரி: வேண்டாம். ஆறு வருடம் முழுக்கத் திறந்திருக்கும், சட்டம் தடுக்காது, மிட்ஜ் என்ற கொசு அளவுப் பூச்சிக்கு நண்பகலில் ஓரிரு மீன் மேலே வரும், அடியில் ஒயிட்ஃபிஷ் நிறையக் கிடைக்கும். ஆனால் கணவாயில் பனி கொட்டினால் டயருக்குச் சங்கிலி கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், ராடின் வளையங்களில் தண்ணீர் உறைந்து லைன் நகராது. நான் போவேன். உங்களைப் போகச் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரிக் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் பாதிவரை கதை வேறு. என் கணக்கில் வருடத்தின் இரண்டு நல்ல பருவங்களில் முதலாவது இது. பாசனம் இன்னும் முழு வேகம் பிடித்திருக்காது, அணைகள் கோடைக்காகத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும், மலையில் பனி உருக ஆரம்பித்திருக்காது. ஆற்றுத் தண்ணீர் 42, 43 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டதும், அதாவது செல்சியஸில் ஆறுக்குப் பக்கம் வந்ததும், ஸ்க்வாலா கரையேறத் தொடங்கும். ஸ்டோன்ஃப்ளை என்ற ஆற்றுப்பூச்சி வகையில் ஒன்று. மேஃப்ளை மாதிரி ஆற்றின் நடுவில் தோலுரித்துக்கொண்டு பறக்கிற பழக்கம் இதற்கு இல்லை. தண்ணீருக்கடியில் கல்லிடுக்கில் வாழ்ந்த நிம்ஃப், அதாவது இளம்பூச்சி, ஊர்ந்தே கரைக்கு வரும், ஒரு கல்லிலோ வில்லோ செடியின் தண்டிலோ ஏறும், முதுகு வெடித்து வெளியே வரும்.

போனதும் தூண்டிலை எடுக்காமல் கரையில் குனிந்து நாலு கல்லைப் பாருங்கள். முதுகில் நீளவாக்கில் பிளந்த வெற்றுக்கூடு, ஆறு காலாலும் கல்லைப் பிடித்தபடி காய்ந்து ஒட்டியிருந்தால் ஆட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பூச்சி கையில் கிடைத்தால் இன்னும் நல்லது: ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, மேலே கரும்பழுப்பு, அடிவயிறு ஆலிவ் பச்சை, பின்னால் இரண்டு வால். ஆணுக்கு இறக்கை அரைகுறை, பறக்கவே முடியாது, கல் மேல் விறுவிறு என்று ஓடும். பெண்ணுக்கு முழு இறக்கை இருக்கும். வால் நுனியில் கரும் உருண்டையாக முட்டைகளைச் சுமந்துகொண்டு, மதியத்துக்கு மேல் தண்ணீரில் இறங்கும். ட்ரவுட் காத்திருப்பது அதற்குத்தான். குளிர்காலம் முழுக்கக் கண்ணுக்கே தெரியாத மிட்ஜைத் தின்று ஓட்டிய மீனுக்கு இது முதல் முழுச் சாப்பாடு.

ஆகவே நிற்க வேண்டிய இடம் ஆற்றின் நடு அல்ல, கரையோரம். வில்லோ செடி தண்ணீர் மேல் சாய்ந்திருக்க, அதன் கீழே நடக்கிற வேகத்தில் அல்லது அதைவிட மெதுவாகத் தண்ணீர் நகர்கிற இரண்டு மூன்றடி ஆழமுள்ள இடம். பெரிய சத்தம், துள்ளல் எதையும் எதிர்பார்க்காதீர்கள். இந்த மாதத்தில் பெரிய மீன் மூக்கு நுனியை மட்டும் வெளியே காட்டிவிட்டு உள்ளே போகும், மேலே ஒரு சின்ன வளையம் மட்டும் தெரியும். சின்ன வளையம் என்றால் சின்ன மீன் என்று நினைத்து நகர்ந்து போகிறவர்கள்தான் அதிகம். நல்ல நேரம் மதியம் ஒன்றிலிருந்து நாலு. விடியற்காலை எழுந்து ஓடவேண்டிய வேலையே இல்லை, வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குக் கிளம்பினால் போதும்; மார்ச்சில் காலை பத்து மணிக்கு ஆற்றில் நிற்பவர்கள் கால் விறைப்பதைத் தவிர வேறெதுவும் சாதிப்பதில்லை.

மண்புழுவும் தக்கையும் வைத்து வாய்க்காலில் மீன் பிடித்தவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் புதிதாக இருக்கும். ஃப்ளைக்கு எடையே கிடையாது, பூச்சி மாதிரித் தெரியக் கொஞ்சம் நுரைப்பஞ்சும் மயிரும் நூலும் சுற்றிய கொக்கி அது. வீசும்போது தூரம் போவது தடிமனான லைனின் எடையால், ஃப்ளை சும்மா பின்னால் போய் விழும். விழுந்த பிறகு அது தண்ணீரின் வேகத்திலேயே மிதந்து போக வேண்டும். நீங்கள் நிற்கிற இடத்துக்கும் ஃப்ளைக்கும் நடுவே ஓட்டம் வேகமாக இருக்கும், அது லைனின் நடுப்பகுதியை முன்னால் இழுக்கும், அடுத்த நொடி ஃப்ளையின் பின்னால் தண்ணீரில் மெல்லிய கோடு ஒன்று விழும். அந்தக் கோட்டைப் பார்த்த மீன் அன்றைக்கு அந்த ஃப்ளையைத் திரும்பிப் பார்க்காது. அதனால் லைன் விழுந்த உடனே ராடின் நுனியால் நடுப்பகுதியைத் தூக்கி ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போட வேண்டும். வீசுவதைக் கற்றுக்கொள்ள எல்லாரும் மாதக்கணக்கில் பூங்காவில் பழகுகிறார்கள், இதைப் பழகுகிறவர் குறைவு. இருபதடி தூரம் வீசத் தெரிந்து இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால், அறுபதடி வீசுகிறவரைவிட யாக்கிமாவில் உங்களுக்குத்தான் மீன் அதிகம் கிடைக்கும்.

மார்ச் கடைசியில் மார்ச் பிரவுன் என்ற மேஃப்ளையும் சேர்ந்துகொள்ளும், அதுவும் மதியத்தில்தான். மேகம் மூடிய நாளில் ப்ளூ விங் ஆலிவ் என்ற சின்ன மேஃப்ளை கூட்டமாக வரும்; அதற்கு 18, 20 எண் கொக்கி வேண்டும். கொக்கிக்கு எண் ஏற ஏற அளவு சிறியது, கடையில் முதல் தடவை வாங்குகிறவர்கள் இதில் குழம்புவார்கள். ஸ்க்வாலாவுக்கு 8 அல்லது 10, மார்ச் பிரவுனுக்கு 12 அல்லது 14. ஒன்பதடி ராட், 5ஆம் எடை லைன் ஒன்று இருந்தால் வருடம் முழுக்க ஓட்டிவிடலாம், கடைக்காரர் என்ன சொன்னாலும்.

இந்தப் பருவத்தைக் கெடுக்கிறவை இரண்டு. ஒன்று, ஹவாய் பக்கமிருந்து வருகிற வெதுவெதுப்பான மழை. 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்று இங்கே செல்லப்பெயர். அது மலையில் இருக்கிற பனிமேல் பெய்தால் ஒரே இரவில் ஆறு பொங்கிவிடும். முதலில் கலங்குவது டீஅனவே என்ற கிளையாறு, அதற்கு அணை கிடையாது. அப்புறம் எலன்ஸ்பர்க் வயல்களின் சேற்றைச் சுமந்துகொண்டு வில்சன் ஓடை வரும். ஆகவே பள்ளத்தாக்கில் காப்பி நிறமாக இருந்தால் உடனே வீட்டுக்குத் திரும்பாமல், வில்சன் ஓடை சேரும் இடத்துக்கு மேலே, அதுவும் சரியில்லை என்றால் டீஅனவே சேரும் இடத்துக்கும் மேலே கிளீ எலம் ஊர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். இரண்டாவது காற்று. வசந்தத்தில் எலன்ஸ்பர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை, சும்மாவா அந்த ஊர்ப் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். மலைக்கு மேற்கே குளிர்ந்த காற்று, கிழக்கே வெயிலில் சூடான சமவெளி, நடுவில் கணவாய். மதியம் ஆக ஆக வேகம் கூடும்.

ஏப்ரல் கடைசி, மே முதல் வாரங்களில் தண்ணீர் 53, 54 டிகிரிக்கு வரும்போது கேடிஸ் என்ற பூச்சி கிளம்பும். அன்னையர் தினத்தை ஒட்டி வருவதால் 'மதர்ஸ் டே கேடிஸ்' என்றே பெயர். அது உச்சத்தில் இருக்கிற மாலையில் வாயைத் திறந்தால் பூச்சி உள்ளே போகும், கண்ணாடிக்குப் பின்னால் போகும், சட்டைக் காலருக்குள் போகும். மீன்கள் பைத்தியம் பிடித்ததுபோல் எகிறும். பிரச்சினை என்னவென்றால், அதே வாரங்களில்தான் மலைப்பனியும் உருகத் தொடங்கும். எது முந்தும் என்பது அந்தந்த வருடத்தைப் பொறுத்தது. கேடிஸ் முந்தினால் உங்கள் அதிர்ஷ்டம். பனி முந்தினால் ஆறு பெருக்கெடுத்துக் கலங்கி ஓடும், பூச்சி தலைக்கு மேலே பறந்துகொண்டிருக்கும், எந்த மீனுக்கும் அது தெரியாது. இதை நம்பி முன்கூட்டியே ஓட்டலில் அறை எடுக்காதீர்கள்.

மே, ஜூன் இரண்டும் இப்படித்தான், ஒரு வாரம் நன்றாக இருக்கும் ஒரு வாரம் இருக்காது. பனி உருகிய தண்ணீரே வயல்களுக்குப் போதுமானதாக இருக்கிறவரை அணைகள் நிரம்பிக்கொண்டே இருக்கும். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ ஒரு நாள் இயற்கையாக வருகிற தண்ணீர் போதாமல் போய், அணையில் சேர்த்த தண்ணீரை எடுக்க ஆரம்பிப்பார்கள். அன்றிலிருந்து ஆறு ஆறாக இல்லை, ரோசாவுக்கும் அதற்குக் கீழே இருக்கிற வாய்க்கால்களுக்கும் தண்ணீர் கொண்டுபோகிற கால்வாய். அம்டானத்தில் வினாடிக்கு 3,500, 4,000 கன அடி என்று வாரக்கணக்கில் மாறாமல் நிற்கும். 1,500க்குக் கீழே இருந்தால்தான் நம்மைப்போல் வேடர்ஸ் (தண்ணீர் புகாத நீளக் கால்சட்டை) போட்டுக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு நிம்மதி.

ஆனால் மீனுக்கு இது கெட்ட காலம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் குறையும், 68 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், அதாவது 20 செல்சியஸுக்கு மேல் போனால், பிடித்து விட்ட மீன்கூடச் சில சமயம் பிழைக்காது. ஆகஸ்டில் வெளியே 100 டிகிரி அடிக்கும்போது, மலையிலிருந்து அணைத்தண்ணீர் இவ்வளவு வேகமாகவும் இவ்வளவு அதிகமாகவும் வருவதால்தான் பள்ளத்தாக்கில் ட்ரவுட் தாக்குப்பிடிக்கிறது. ஆப்பிள் தோட்டக்காரருக்குப் போகிற தண்ணீர் வழியில் மீனைக் காப்பாற்றிவிட்டுப் போகிறது. ரோசாவில் ஒரு பங்கை வாய்க்காலில் திருப்பி, யாக்கிமா ஊரைத் தாண்டி இன்னும் கொஞ்சம் திருப்பி, அதற்குக் கீழே மிச்சம் ஓடுகிற ஆறு வெதுவெதுவென்று ஆகி, அங்கே ஆட்கள் ஸ்மால்மவுத் பாஸ் என்ற, சூடு தாங்குகிற மீனைப் பிடிக்கிறார்கள். பெயர் மட்டும்தான் ஒன்று.

கோடையில் போயே தீர வேண்டும் என்றால் வழிகாட்டியோடு படகு எடுங்கள். செலவு கைக்கு எட்டாது என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு படகாகப் போங்கள், ஒரு படகில் இரண்டு பேர்தான் உட்கார்ந்து வீச முடியும். தண்ணீர் நிரம்பி ஓடுவதால் மீன்களெல்லாம் நடுவேகத்தைத் தாங்க முடியாமல் கரையோரப் புல்லுக்கு அடியில் ஒதுங்கியிருக்கும், படகிலிருந்து கரையை நோக்கி வீசுவது இந்த மாதங்களில்தான் சரியாக வரும். விடியற்காலையில் குட்டை இறக்கை ஸ்டோன்ஃப்ளை கல்மேல் ஓடும், வெயில் ஏறியதும் வெட்டுக்கிளி. பதினொரு மணிக்குமேல் டியூபில் உட்கார்ந்து பாட்டு போட்டுக்கொண்டு, பீர் கேனோடு நூற்றுக்கணக்கில் இளவட்டங்கள் மிதந்து வரும், அதற்குள் கரையேறிவிடுவது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வேறு. கிளீ எலம் பக்கம் 2017இல் எரிந்த ஜாலி மவுன்டன் தீயின்போது பள்ளத்தாக்கில் எதிர்க்கரை மலை தெரியவில்லை.

இனி செப்டம்பர். எனக்குப் பிடித்தது இதுதான், மார்ச்சைவிடவும்.

ஸ்பிரிங் சினூக் என்ற சால்மன் கடலிலிருந்து ஏறிவந்து யாக்கிமாவின் மேல்பகுதியில் செப்டம்பரில் முட்டை இடும். பெண் மீன் வாலால் சரளைக் கல்லை விலக்கிக் குழி பறித்து, முட்டை இட்டு, மேலே கல்லை மூடிவிடும். முன்பெல்லாம் என்ன ஆகுமென்றால், பாசனத்துக்காகத் தண்ணீர் நிரம்பி ஓடும்போது சால்மன் கரையோர மேட்டில் முட்டை இட்டுவிடும். அக்டோபரில் பாசனம் முடிந்ததும், அடுத்த வருடத்துக்குச் சேர்த்து வைக்க அணையை மூடுவார்கள், தண்ணீர் இறங்கும், முட்டைக்குழிகள் வெளியே காய்ந்துபோகும். 1855 ஒப்பந்தத்தின்படி இந்த ஆற்று மீனில் உரிமை உள்ளவர்கள் யாக்கமா பழங்குடி மக்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போய், 1980இல் முட்டைக்குழிகளைக் காப்பாற்றத் தண்ணீர் விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. விவசாயத் தண்ணீரையும் குறைக்காமல் இதைச் செய்ய அணை நிர்வாகம் கண்டுபிடித்த வழிதான் 'ஃப்ளிப்-ஃப்ளாப்'. கோடை முழுக்க மேல் யாக்கிமாவின் மூன்று அணைகளிலிருந்து எடுப்பது. ஆகஸ்ட் கடைசியில் அந்த மூன்றையும் படிப்படியாகக் குறைத்து, நாச்சீஸ் பக்கத்து ரிம்ராக்கைத் திறந்துவிடுவது. கீழே இருக்கிற தோட்டங்களுக்கு மொத்தத்தில் தண்ணீர் அதே அளவு போகும், வருகிற வழிதான் வேறு. மேல் யாக்கிமாவில் தண்ணீர் முதலிலேயே இறங்கிவிடுவதால் சால்மன் ஆற்றின் ஆழமான நடுப்பகுதியில் முட்டை இடும், குளிர்காலத்தில் குறைந்த தண்ணீர் ஓடினாலும் குழி நனைந்தே இருக்கும். எனக்குத் தெரிந்து ஒரு அணைத் திட்டத்தில் இவ்வளவு கெட்டிக்காரத்தனமான சமரசம் வேறெங்கும் பார்த்ததில்லை. (சாக்கை சால்மன் கதை வேறு. ஏரிகளுக்கு வழி விடாமல் அணை கட்டியதால் அது அடியோடு அழிந்தது. யாக்கமா மக்கள் 2009இலிருந்து கிளீ எலம் ஏரியில் வேறிடத்து மீனைக் கொண்டுவந்து விட்டு மறுபடி வளர்க்கிறார்கள்.)

நமக்கு இதில் என்ன? தண்ணீர் இறங்குகிற அந்தப் பத்து நாளும் ட்ரவுட் வீடு மாறிக்கொண்டிருக்கும். நேற்றுவரை ஒதுங்கியிருந்த புல்லோரம் இன்று வெளுத்த சரளைக்கல். மீன் நடுவில் இருக்கிற பள்ளங்களையும் பெரிய கல்லின் பின்புறத்தையும் தேடிப் போகும். அம்டானம் எண் இறங்கிக்கொண்டிருக்கும்போது போகாதீர்கள், இரண்டு மூன்று நாள் ஒரே அளவில் நின்ற பிறகு போங்கள். கோடை முழுக்கத் தண்ணீருக்குள் மறைந்திருந்த ஆற்றின் அடி அப்போது தெளிவாகத் தெரியும், எங்கே பள்ளம், எங்கே மேடு, எங்கே விழுந்த மரம் என்று ஒரு தடவை கரையோரமாக நடந்து பார்த்து வைத்துக்கொண்டால் அடுத்த ஜூலையில் படகில் போகும்போதுகூட உதவும். செப்டம்பர் பாதியிலும் வெட்டுக்கிளிக்கு மீன் வரும், அப்புறம் அக்டோபர் கேடிஸ், ஆரஞ்சு வயிறோடு ஒரு அங்குலத்துக்கு மேல் பெரிய பூச்சி, மாலையில் வரும். மேகமூட்டமான நாளில் மறுபடி ப்ளூ விங் ஆலிவ். அக்டோபர் கடைசியில் காட்டன்வுட் இலைகள் உதிர்ந்து ஆறு முழுக்க மிதக்கும், வீசுகிற ஒவ்வொரு தடவையும் கொக்கியில் ஒரு இலை மாட்டும், அது ஒன்றுதான் எரிச்சல்.

மேலே கிளீ எலம் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுற்றியிருக்கிற பாசி படிந்த கல்லுக்கு நடுவே, சுத்தமாகத் தேய்த்துவிட்டதுபோல் வெளிர்நிறமாக நீள்வட்டத்தில் சரளை தெரிந்தால் அது முட்டைக்குழி. அதில் கால் வைக்காதீர்கள். சுற்றிப் போங்கள்.

வறட்சி வருடத்தில் இதெல்லாம் தலைகீழாகும். இங்கே தண்ணீரில் முந்தி வந்தவருக்கு முதல் பங்கு. 1905 மே 10க்கு முந்தைய உரிமை உள்ளவருக்கு முழுசாகக் கிடைக்கும், பிந்தியவர்கள் மிச்சத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். 2015இல் குளிர்காலம் வெதுவெதுப்பாக இருந்து, மலையில் பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்து ஓடிவிட்டது. பிந்திய உரிமைக்காரர்களுக்குப் பாதிகூடக் கிடைக்கவில்லை, மாநிலத்தில் பல ஆறுகளில் மதியம் இரண்டு மணிக்குமேல் மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்பதற்கு 1977இல் தொடங்கிய வழக்கு 2019இல்தான் முடிந்தது. காவிரியைப் பற்றி இங்கே இருக்கிற வெள்ளைக்கார நண்பர்களிடம் விளக்கவேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லை. ஜனவரியிலிருந்தே மலைப்பனியின் அளவைப் பார்த்து வாருங்கள். ஏப்ரல் முதல் தேதியில் அது மிகக் குறைவு என்றால் கோடைத் திட்டத்தைக் கைவிட்டு மார்ச்சிலும் அக்டோபரிலும் இரண்டு நாள் கூடுதலாகப் போய்விடுங்கள்.

மூன்று சின்ன விஷயங்கள். மார்ச், ஏப்ரலில் பள்ளத்தாக்கின் புதர்களில் உண்ணி அதிகம், வீட்டுக்கு வந்ததும் காதுக்குப் பின்னாலும் இடுப்புப் பட்டை இடத்திலும் பார்த்துவிடுங்கள். மே மாதத்திலிருந்து கல்லிடுக்கில் கையை விடாதீர்கள், கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. மீன்பிடி லைசென்ஸ் இந்த மாநிலத்தில் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மார்ச் 31 வரைதான், ஸ்க்வாலா நேரத்தின் நடுவில் காலாவதியாகும். மார்ச்சில் ஒரு தடவை போய்வந்த உற்சாகத்தில் ஏப்ரல் முதல் வாரமும் கிளம்புகிறவர்கள், முந்தின இரவே புதியதை வாங்கி அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குக்குள் போனபிறகு போனில் சிக்னல் வராது.